பழைய ரயரில் முற்றத்து இருக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் ரயரில் செய்த 4 இருக்கைகள் கிடக்கின்றன. ரயர்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க அடுக்கி, மேலே பலகையால் மூடிச் செய்தவை. கேற்றைத் திறந்து வருகிறவர்கள் முதலில் அதில் இருந்து பார்ப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். ஒழுங்கை முடிவிலுள்ள முன்பள்ளிக்கும் சின்ன இருக்கைகள் செய்து கொடுத்த பிறகு கேள்விகள் கூடிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் வாசிப்பவர்கள் ரயர் என்பதை டயர் என்றும் நுளம்பு என்பதைக் கொசு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

ரயரை வளவுக்குள் வைத்தால் நுளம்பு பெருகாதா? டெங்கு வந்தால் என்ன செய்வது?

மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் பெருகும். ரயரைப் படுக்கப் போட்டுப் பாருங்கள்: உள்ளே சுற்றிவர ஒரு பீலி மாதிரிக் குழி இருக்கும். மழைத் தண்ணீர் அதற்குள் போனால் வெளியே வர வழியில்லை. நிழல், இருட்டு, சருகு, அசையாத தண்ணீர் என்று டெங்கு நுளம்புக்குத் தேவையான எல்லாமே அங்கே இருக்கின்றன. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். இன்னொன்றும் உண்டு. அந்த நுளம்பு தண்ணீருக்கு மேலே, ஈரமான ரப்பர் ஓரத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினாலும் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

என் முதல் இருக்கைக்கு நான் துளை போடவில்லை. மேலே பலகை மூடியிருக்கிறது, தண்ணீர் எப்படிப் போகும் என்று நினைத்துவிட்டேன். கார்த்திகை மழை ஒரு கிழமை விடாமல் பெய்தது. வெயில் எறித்த அன்று மூடியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தால், கீழ் ரயரின் குழிக்குள் தேயிலைச் சாய நிறத்தில் தண்ணீர். சருகுகளுக்கு இடையில் குடம்பிகள், அதாவது நுளம்புப் புழுக்கள், வளைந்து வளைந்து நீந்திக்கொண்டிருந்தன. என் மகளுக்கு அப்போது 3 வயது. அந்த இருக்கையில் ஏறி நின்றுதான் அவள் காகத்துக்குச் சோறு வைப்பாள். அன்றிலிருந்து ரயர் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை துளை போடுவதுதான், வடிவெல்லாம் பிறகு.

2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு, மார்கழி தை மாதங்களில்தான் இது கூடும். நுளம்பு பெருகும்படி தண்ணீர் தேங்கவிடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் மூடியைத் தூக்கிக் காட்டக்கூடிய மாதிரி இருக்கை இருக்க வேண்டும்.

துளையை எங்கே, எப்படிப் போடுவது?

நிறையப் பேர் பிழைவிடுவது இங்கேதான். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் துளை போட்டால் பிரயோசனம் இல்லை. ரயர் படுத்திருக்கும்போது பக்கச்சுவர் வெளியே புடைத்திருக்கும். நிலத்தில் தொடுகிற அந்தப் புடைப்புத்தான் உள்ளே மிகப் பள்ளமான இடம். துளை அங்கே விழ வேண்டும். சந்தேகமாக இருந்தால் உள்ளே ஒரு பேணி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சோக்கால் அடையாளம் போடுங்கள்.

ஒரு ரயருக்கு 8 துளை. ட்றில்லில் 12 மில்லிமீற்றர் அலகு போட்டுத் துளைத்தாலும் ரப்பர் திரும்பச் சுருங்கிவிடும், கடைசியில் பாதி அளவுத் துளைதான் கிடைக்கும். ஆகவே 16 மில்லிமீற்றர் அலகு பாவியுங்கள். பென்சில் ஒன்று தாராளமாகப் போய்வந்தால் சரி. அலகு சிக்கிக்கொண்டால் ட்றில் மெசின் கையை முறுக்கிவிடும். மெதுவாகச் சுற்றவிட்டு, இடைக்கிடை சவர்க்காரத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள்.

துளை நிலத்தோடு ஒட்டியிருந்தால் அடைபட்டுவிடும். செங்கல் துண்டு மூன்றைக் கீழே கொடுத்து ஒரு அங்குலமாவது உயர்த்தி வையுங்கள்.

இதைவிடத் திறமான வழி, அடி ரயரின் கீழ்ப் பக்கச்சுவரை முழுதாக வெட்டி எடுத்துவிடுவது. குழியே இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? நான் இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன். மேல் ரயருக்கு மாத்திரம் துளை.

ரயரை வெட்ட முடியுமா? உள்ளே கம்பி இருக்கிறதே?

கம்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பயமில்லை. கார் ரயரில் இரண்டு இடத்தில் கம்பி உண்டு. வீதியில் படுகிற முகத்துக்கு உள்ளே ஒரு பட்டி, றிம்மைப் பிடிக்கிற விளிம்புக்குள் ஒரு வளையம். இடையில் இருக்கும் பக்கச்சுவர் ரப்பரும் நூலும்தான். அதைக் கூரான கட்டர் கத்தியாலேயே வெட்டலாம். முதலில் ட்றில்லால் ஒரு துளை, அதற்குள் கத்தியை விட்டு, அலகில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டு போங்கள். ஒருவர் ரயரை விரித்துப் பிடித்தால் வேலை பாதியாகும். கத்தி உங்கள் உடம்பை நோக்கி வரக்கூடாது.

லொறி, பஸ்ஸில் வரும் ரேடியல் ரயர்களின் பக்கச்சுவரிலும் கம்பி இருக்கும். அவற்றை வெட்டப் போகவேண்டாம். கிறைண்டரால் வெட்டலாம் என்று சொல்வார்கள். ரப்பர் எரிந்து வரும் அந்தப் புகையும் தூளும் நெஞ்சுக்குள் போகும். வீட்டு வேலைக்கு அது தேவையில்லை.

எந்த ரயர் நல்லது?

பெரியவர்கள் இருக்க 13 அல்லது 14 அங்குலக் கார் ரயர். பக்கத்தில் 155/80 ஆர் 13, 175/65 ஆர் 14 என்று எழுதியிருக்கும். இரண்டுமே ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் குறுக்களவு. ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டோ ரயர். 4.00-8 என்று போட்டிருக்கும், 8 அங்குல ஓட்டை, 16 அங்குலக் குறுக்களவு. இரண்டை அடுக்கிப் பலகையும் மெல்லிய ஸ்பொஞ்சும் வைத்தால் 10 அங்குலம் வரும். 4 வயதுப் பிள்ளையின் கால் நிலத்தில் நன்றாகப் படும்.

மோட்டார் சைக்கிள் ரயர் ஒடுக்கம், இருக்கைக்குச் சரிவராது. சைக்கிள் ரயர் தடி வைத்து உருட்டுவதற்குத்தான்.

கம்பி வெளியே தெரிகிற ரயரை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். எடுக்கும் முன் கையுறை போட்டு உட்பக்கம் முழுக்கத் தடவிப் பாருங்கள். மயிர் மாதிரி மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கீறிவிட்டால் அன்றே ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடுங்கள்.

எங்கே எடுக்கலாம்?

ரயர் மாற்றும் கடை, ஓட்டோத் தரிப்பிடம், கராஜ். தேய்ந்த ரயரைக் குவித்து வைத்திருப்பது அவர்களுக்கும் தொல்லைதான், அதனால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். மாரிக்கு முன் கேளுங்கள். மழைக்குள் மாதக்கணக்காகக் கிடந்த ரயரை எடுத்தால், மேலே சொன்ன காய்ந்த முட்டைகளும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். எங்கிருந்து எடுத்தாலும் கம்பிப் பிறஸ்சால் உட்பக்கத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் விட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குங்கள். மேலோட்டமாக அலசினால் முட்டை போகாது.

இரண்டு ரயரை எப்படி ஒன்றாக்குவது?

10 மில்லிமீற்றர் போல்ட், 2 அங்குல நீளம், ரயருக்கு ரயர் 4 இடத்தில். இருபக்கமும் அகலமான வொசர் போடாவிட்டால் போல்ட் தலை ரப்பருக்குள் புதைந்து கழன்றுவிடும். நாவாந்துறை, பாசையூர், காரைநகர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் சாதாரண இரும்பு வாங்காதீர்கள், உப்புக் காற்றுக்கு ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். நாகம் (துத்தநாகம்) பூசியது அல்லது எவர்சில்வர் கேளுங்கள்.

மேலே என்ன பலகை போடலாம்?

கடையில் வாங்குவதென்றால் 18 மில்லிமீற்றர் பிளைவூட். ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய கூரை மாற்றிய வீடுகளில் பனஞ்சிலாகை, அதாவது கூரைக்கு அடித்த பனைமரச் சட்டம், கிடக்கும். 50, 60 வருடம் கூரை ஓடுகளைச் சுமந்தவை, இன்னும் ஆணி இறங்க மறுக்கும். அதை அறுத்து, இடையில் விரல் நுழையாத அளவு சின்ன நீக்கல் விட்டு அடுக்கி, கீழே இரண்டு குறுக்குச் சட்டம் அடித்தால் மழை நீர் வழிந்து போகிற நல்ல இருக்கை. எங்கள் நாலில் ஒன்று அப்படி. அப்பப்பாவின் வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த சிலாகை அது. கறுப்பு நரம்பு ஓடிய அந்த மரத்தைச் சீவி எண்ணெய் பூசியபோது வந்த நிறத்தைப் பார்த்து, அதற்கு மேல் மெத்தை போட எனக்கு மனம் வரவில்லை.

பலகையை ரயரோடு நிரந்தரமாக அடிக்காதீர்கள். மூடி மாதிரிக் கழற்ற வர வேண்டும். பலகையின் அடியில், ரயரின் நடு ஓட்டைக்குள் இறுக்கமாக இறங்குகிற மாதிரிக் குறுக்கே இரண்டு கட்டை அடியுங்கள். ஆள் இருந்தால் அசையாது, தேவைப்பட்டால் ஒரு கையால் தூக்கலாம்.

வட்டம் வெட்டுவதற்கு ஆணி, நூல், பென்சில் போதும்.

எவ்வளவு உயரம் சரி? அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, எழும்பக் கஷ்டப்படுவா.

இரண்டு கார் ரயர் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர். பலகை, 3 அங்குல ஸ்பொஞ்ச் சேர்த்தால் 40ஐத் தொடும். ஆள் இருந்ததும் ஸ்பொஞ்ச் அமரும். வழமையான கதிரை 43 முதல் 45. இளம் ஆட்களுக்கு 40 வசதி, முழங்கால் நோவுள்ளவர்களுக்கு உயரம் போதாது. எங்கள் அம்மம்மாவுக்கு மூன்றாவதாக ஓட்டோ ரயர் ஒன்றை அடியில் கொடுக்க முயன்றேன், ஆடியது, விட்டுவிட்டேன். ஒரே அளவுக் கார் ரயர் மூன்று வைத்தால் மெத்தை இல்லாமலே 48 வரும். அதுதான் அவவுக்குச் சரியாக இருந்தது. ஆனால் கை ஊன்ற ஒன்றும் இல்லையே. அதனால் அந்த இருக்கையை மாமரத்தின் அடிமரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம். எழும்பும்போது மரத்தைப் பிடித்துக்கொள்வா.

சாய்வு வேண்டுமென்றால் மூன்றாவது ரயரைச் செங்குத்தாக நிறுத்திப் பின்னால் போல்ட் போடலாம். நிமிர்ந்து நிற்கும் ரயருக்கும் அடியில் தண்ணீர் தேங்கும் என்பதை மறக்கவேண்டாம். அங்கே துளை கம்பிப் பட்டிக்குள்ளால்தான் போக வேண்டும், இரும்பு துளைக்கும் அலகு தேவை. சாய்மனைக் கதிரையின் சுகம் இதில் வராது. முதுகுக்குச் சுகம் வேண்டுபவர்கள் சாய்மனையையே வெளியே எடுத்துப் போடலாம்.

ஸ்பொஞ்ச், மெத்தை மழைக்கு என்ன ஆகும்?

ஊறி நாறும். கழற்றி விறாந்தைக்குள் வைக்கும் மாதிரிச் செய்யுங்கள். ஓட்டோ சீற்றுக்குக் குசன் அடிக்கும் கடையில் வட்டப் பலகையைக் கொடுத்தால் றெக்சின் போட்டு அடித்துத் தருவார்கள். முழுச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போகும். றெக்சின் வெயிலில் சுடும். பருத்தி உறை போட்டால் வியர்க்காது, தோய்க்கவும் இலகு.

கயிறு சுற்றிச் செய்வதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். கயிறு எவ்வளவு தேவை?

ஒரு கார் ரயரின் மேற்பக்கத்தையும் சுற்றுப்புறத்தையும் மூட, 12 மில்லிமீற்றர் கயிறு ஏறத்தாழ 50 மீற்றர். மேல் வட்டத்துக்கு 22, பக்கத்துக்கு 23, மிச்சம் வெட்டுக்கும் வளைவுக்கும். கயிறு மெல்லியதாக இருந்தால் நீளம் கூடும். வட்டத்தின் நடுவில் தொடங்கி, ரப்பர் பசை பூசி, நத்தை ஓடு மாதிரி வெளியே சுற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சுற்றையும் முன்சுற்றோடு நெருக்கித் தட்டுங்கள். விளிம்பில் கயிறு மேலிருந்து கீழே மடிகிற இடம்தான் கடினம். அங்கே பசை காயும் வரை துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

தும்புக் கயிறு வடிவு. ஆனால் தொடையை அரிக்கும், மழைக்குள் நிற்கவும் கூடாது. விறாந்தை, பத்தி மாதிரிக் கூரை உள்ள இடத்துக்குச் சரி. திறந்த முற்றத்துக்கு நைலோன் கயிறு. பழைய ரியூப்பை ஒரு அங்குலப் பட்டியாக வெட்டி, ரயரின் மேல் விளிம்பில் துளை போட்டு, கட்டில் பின்னுகிற மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் பலகையே தேவையில்லை, இருக்கையும் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். என் தம்பி பின்னிய ஒன்றுக்கு முழுதாக ஒரு பின்னேரம் போனது.

பெயின்ற் ஒட்டுமா? உடுப்பில் கறுப்புப் பிரளாதா?

வெறும் ரயரில் வெள்ளை வேட்டியோடு இருந்தால் கட்டாயம் பிரளும். ரப்பரில் கலந்த கரித்தூளும், வெடிக்காமல் இருக்கப் போடும் இரசாயனமும் மேலே கசிந்துகொண்டே இருக்கும். வெளிர் நிறப் பெயின்றில் சில மாதத்தில் மண்ணிறக் கறை தெரிவதும் அதனால்தான்.

நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிட்டு, மண்கடதாசியால் உரசி, அடிப்பூச்சு ஒன்று, பிறகு வெளிச்சுவருக்குப் பூசும் எமல்ஷன் இரண்டு தரம். எனாமல் கடினமாகக் காய்வதால் ரயர் நெளியும்போது வெடித்து உரியும். அரை நாள் பொறுமையில்லாமல் ஈரத்தோடு பூசிய ஒன்று, பாம்புச் செட்டை மாதிரி முழுதாகக் கழன்று வந்தது. பிள்ளைகள் பாவிப்பதென்றால் ஈயம் சேராத பெயின்ற் என்று ரின்னில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் கறுப்பு ரயரில் கை வைக்க முடியாது. வெளிர் நிறம் சூட்டையும் குறைக்கும்.

பாம்பு, தேள் ஒதுங்காதா?

ஒதுங்கும் இடம் இருந்தால் ஒதுங்கும். யாழ்ப்பாண வளவுகளில் விரியனும் உண்டு, தேளும் மட்டத்தேளும் (பூரான்) உண்டு. ரயரின் வெற்றிடத்தை வெறுமையாக விடாதீர்கள். மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை உள்ளே நெருக்கமாகத் திணித்துவிடுங்கள். பாரமும் ஏறாது, தண்ணீரும் உறிஞ்சாது, துளை வழியே மழை வடியும். அடிப்பக்கத்துக்குச் சின்னக் கண் வலை அடித்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. மண் நிரப்பினால் ஈரம் தங்கும். பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) அப்படித்தான்.

எந்த இடத்தில் வைப்பது?

மா, வேம்பு நிழல் நல்லது. தென்னைக்குக் கீழே வேண்டாம், பனைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், ஆவணி புரட்டாதியில் பழம் விழும். குப்பை கொளுத்தும் இடத்துக்கு அருகில் வைக்காதீர்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு முற்றத்தில் பந்தம் நடும்போது இருக்கைகளைத் தள்ளி வையுங்கள். ரயர் இலகுவில் பற்றாது, பற்றினால் அணைப்பது மிகவும் கஷ்டம்.

வருகிறவர்கள் ‘குப்பையில் இருத்துகிறார்கள்’ என்று நினைக்க மாட்டார்களா?

என் அம்மாவும் முதலில் இதைத்தான் கேட்டா. நான் அவவுக்கு 90களை நினைவுபடுத்தினேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே சீமெந்து இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு எரித்துப் படித்தோம், ரயரில் வெட்டிய செருப்புப் போட்டு நடந்தோம். ஒரு சைக்கிள் ரயர் நூல் தெரியும் வரை ஓடியது, அதற்குப் பிறகும் ஏதோ ஒன்றாக வீட்டில் இருந்தது. அந்தக் கைப்பழக்கம் எங்களுடையது, அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா இப்போது பின்னேரத் தேத்தண்ணியை அந்தப் பனஞ்சிலாகை இருக்கையில் இருந்துதான் குடிக்கிறா. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தி இருக்கும் வரை அவவோடு இடத்துக்குப் போட்டி.

ஒரு நாளில் முடிக்கலாமா?

கழுவிக் காய வைக்க 2 நாள், துளை, வெட்டு, போல்ட் அரை நாள், பெயின்ற் ஒரு நாள். சனி ஞாயிறுக்குள் முடிக்க நினைத்தால் வியாழன் அன்றே கழுவிவிடுங்கள்.

பிறகு பராமரிப்பு?

மாரிக்கு முன், புரட்டாதியில் ஒரு தடவை போல்ட்டுகளை முறுக்கி, எல்லாத் துளைக்குள்ளும் ஈர்க்கு விட்டுச் சருகை எடுங்கள். மழைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் டோர்ச் பிடிப்பது மகளின் வேலை. இப்போது அவளுக்குக் குடம்பி எப்படி இருக்கும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

பழுதாகிப்போன ரயர் இருக்கையை என்ன செய்வது? எரிக்கலாமா?

எரிக்கவே கூடாது. அந்தக் கரும்புகையில் கந்தக வாயுவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் இருக்கின்றன. மிஞ்சும் எண்ணெய்ச் சாம்பல் எங்கள் மண்ணில் நிற்காது. கீழே சுண்ணாம்புக் கல், அதன் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகும். போல்ட்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பலகையைச் சீவி மீண்டும் பாவியுங்கள். ரயரை மழை படாத இடத்தில் வைத்திருந்து, எடுத்த ரயர் கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அல்லது பிரதேச சபையிடம் ஒப்படையுங்கள். அதுவரைக்கும் துளைகளை அடைக்கவேண்டாம்.